தூண்டிலும் இதயமும்: கிரேட் பேர் ஏரியின் இரு நூற்றாண்டுகள்

1825ஆம் ஆண்டு நவம்பரில் பிரித்தானியக் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளின் தம் நண்பர் ரோடரிக் மர்ச்சிசனுக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுதிய இடம், வட அமெரிக்காவின் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, கிரேட் பேர் ஏரியின் தென்மேற்குக் கரையில் அவருடைய குழுவினர் குளிர்காலம் கழிக்கக் கட்டியிருந்த மரக்குடில்கள். ஆட்கள் மனந்தளராமல் இருப்பதற்காக வேலையும் பொழுதுபோக்கும் மாறிமாறி வகுக்கப்பட்டிருப்பதைத் தெரிவிக்கும் அக்கடிதம், வெண்பனி கொட்டத் தொடங்கும்வரை உறைநீரின்மேல் ஆடிய ஹாக்கியே காலை விளையாட்டாக இருந்தது என்றும் போகிறபோக்கில் சொல்கிறது. இந்த ஒரு வரியின் பலத்தில் அக்கரையிலுள்ள டெலினெ என்னும் சிற்றூர் இன்று ஐஸ் ஹாக்கியின் பிறப்பிடம் என உரிமை கோருகிறது.

அந்த உரிமைகோரலின் மெய்ப்பொருளை விளையாட்டு வரலாற்றாசிரியர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அவ்வரி வேறொரு கேள்வியையும் உள்ளடக்கியிருக்கிறது. ஒரே ஏரியை ஒருவர் விளையாடும் இடமாகவும், மற்றொருவர் உண்ணும் இடமாகவும், மூன்றாமவர் தோண்டும் இடமாகவும், நான்காமவர் உயிருள்ள ஒன்றாகவும் காணும்போது, வரைபடத்தில் யாருடைய சொல் நிலைக்கிறது? கிரேட் பேர் ஏரியின் கடந்த 200 ஆண்டு வரலாறு இக்கேள்விக்குக் கிடைத்த விடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிவந்த வரலாறு.

பனி அரித்த பள்ளம்

கனடாவின் வடமேற்கு ஆட்சிப்பகுதிகளில் அமைந்த இந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 31,000 சதுர கிலோமீட்டர். கேரள மாநிலத்தைவிடச் சற்றே சிறியது. முழுவதும் கனடாவுக்குள்ளேயே அடங்கும் ஏரிகளில் இதுவே மிகப் பெரியது. உலக அளவில் எட்டாவது இடம் இதற்குத் தரப்படுகிறது. மிகுதியான ஆழம் 446 மீட்டர். ஆர்க்டிக் வட்டம் ஏரியின் வடபகுதியை வெட்டிச் செல்கிறது. நவம்பர் இறுதியில் உறையும் நீர்ப்பரப்பு ஜூலையில்தான் முழுமையாகத் திறக்கும். ஆண்டின் பெரும்பகுதி அது நீர்நிலையாகத் தோன்றுவதேயில்லை. சறுக்குவண்டியும் லாரியும் செல்லும் வெண்ணிற வெளியாகக் கிடக்கிறது.

வரைபடத்தில் பார்த்தால் ஒழுங்கற்ற ஐந்து விரல்களை விரித்த கைபோல் இருக்கும். அதற்குக் காரணம் நிலவியல். ஏரியின் கிழக்குப் பகுதி கனடியக் கேடயம் எனப்படும் மிகப் பழமையான பாறைநிலத்தின்மேல் கிடக்கிறது. மேற்குப் பகுதி உள்நாட்டுச் சமவெளியின் இளைய படிவுப் பாறைகளின்மேல். இவ்விரண்டும் சந்திக்கும் விளிம்பில் பனியுகத்தின் மாபெரும் பனிவிரிப்பு மீண்டும் மீண்டும் நகர்ந்து, மென்மையான இடங்களைச் சுரண்டியும், கடினமான பாறையில் இருந்த பிளவுகளை ஆழப்படுத்தியும் இப்பள்ளத்தை உண்டாக்கியது. ஆகவே கிழக்கில் செங்குத்துப் பாறைகளும் மிகுந்த ஆழமும், மேற்கில் தாழ்ந்த கரைகளும் காணப்படுகின்றன.

பனிவிரிப்பு உருகிப் பின்வாங்கியபோது முதலில் தோன்றியது இன்றைய ஏரி அன்று. கிரேட் பேர், கிரேட் ஸ்லேவ், அதபாஸ்கா ஆகிய மூன்று ஏரிகளின் பள்ளங்களையும் ஒருசேர நிரப்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட ஒரு பெருநீர்நிலை தோன்றியது. நிலவியலாளர் அதை மெக்கானல் பனியேரி என்பர். பனியின் எடையால் அமிழ்ந்திருந்த நிலம், சுமை நீங்கியதும் மெல்லமெல்ல மேலெழுந்தது; எழுந்த நிலமே அப்பெருநீரை மூன்றாகப் பிரித்தது. இன்றைய கரைக்கு மேலே படிப்படியாகக் காணப்படும் பழைய கடற்கரை போன்ற மணல்மேடுகள் அந்தப் பின்வாங்கலின் தடங்கள்.

ஏரியின் இயல்பைப் புரிந்துகொள்ள ஓர் எண் போதும். உள்ளே வரும் நீர் சராசரியாக 124 ஆண்டுகள் தங்கிய பின்னரே வெளியேறுகிறது. ஏரி பெரிது, சுற்றியுள்ள வடிநிலம் மழைகுறைந்தது, வெளியேறும் வழி ஒன்றே: டெலினெயின் அருகே தொடங்கி மெக்கென்சி ஆற்றைச் சேரும் கிரேட் பேர் ஆறு. நீர் குளிர்ந்தது, தெளிந்தது, ஊட்டம் மிகக் குறைந்தது. எனவே அதில் வாழும் மீன் மெதுவாக வளர்கிறது, நெடுநாள் வாழ்கிறது. ஏரியில் கலக்கும் எதுவும் விரைவில் நீங்குவதில்லை. இந்த இரண்டு பண்புகளும் பின்னால் நிகழ்ந்த அனைத்தையும் தீர்மானித்தன.

ஐந்து கைகளும் அவற்றின் பெயர்களும்

ஏரியின் ஐந்து கைகளுக்கும் அரசு வரைபடங்களில் உள்ள பெயர்கள்: கீத், ஸ்மித், டீஸ், மெக்டாவிஷ், மெக்விகர். இவை ஃபிராங்க்ளினின் காலத்து மென்மயிர் வணிகக் கம்பெனியினரின் குடும்பப்பெயர்கள். பீட்டர் வாரன் டீஸ் என்பவரே ஃபிராங்க்ளினின் குளிர்கால முகாமை முன்கூட்டி வந்து கட்டியவர். உணவும் படகும் ஆளும் கடனாகத் தந்த வணிகர்களுக்குப் பயணிகள் செலுத்திய நன்றிக்கடன் இப்பெயர்கள். அவற்றிலிருந்து அந்த நிலத்தைப்பற்றி எதுவும் தெரிந்துகொள்ள இயலாது. லண்டனிலும் மாண்ட்ரீயலிலும் இருந்த கணக்குப் புத்தகங்களைப்பற்றி மட்டுமே தெரிந்துகொள்ளலாம்.

இவற்றுக்கு முன்னும் பின்னும் வழங்கிவரும் பெயர்கள் வேறு வகையானவை. ஏரிக்கரையில் வாழும் டெனே மக்கள் இதனைச் சாஹ்து என்கிறார்கள். 'சா' கரடி, 'து' நீர் அல்லது ஏரி. அம்மக்கள் தம்மைச் சாஹ்துஓதினெ, அதாவது கரடியேரி மக்கள் என்கிறார்கள். ஆங்கிலப் பெயரான 'கிரேட் பேர்' இதன் தொடர்ச்சியே. ஐந்து கைகளுக்கும் நேர்ந்தது ஏரிக்கு நேரவில்லை. ஆறும் ஏரியும் பிரியும் இடத்தின் பெயரான டெலினெ என்பதற்கு 'நீர் பாயும் இடம்' என்று பொருள். அந்த ஆறு மெக்கென்சியுடன் கலக்கும் ஊர் துலிதா, 'நீர்கள் கூடும் இடம்'. பெயர்ச்சொல்லைவிட வினையையே அடித்தளமாகக் கொண்டு, ஒரு சிறு வாக்கியம்போல் அமையும் இடப்பெயர்கள் டெனே மொழிக்குடும்பத்தின் பரவலான இயல்பு. நீரைக் குறிக்கும் இதே அடிச்சொல், ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தெற்கே அரிசோனாப் பாலைநிலத்தில் வாழும் நவஹோ மக்களின் மொழியில் 'தோ' என்று வழங்குகிறது. உறைபனியின் விளிம்பிலும் பாலையிலும் ஒரே சொல் நீரைக் குறிப்பது, இக்குடும்பத்து மக்களின் பழைய இடப்பெயர்வுக்கு மொழி தரும் சான்று.

இத்தகைய பெயர்கள் வெறும் அடையாளக் குறிகளல்ல என்பதை மேற்கு அப்பாச்சி மக்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் கீத் பாசோ 1996இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். அப்பாச்சி மொழியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. ஓர் இடத்தின் பெயரைச் சொன்னாலே அங்கு நிகழ்ந்த கதையும், அக்கதை உணர்த்தும் ஒழுக்கமும் கேட்பவர் மனத்தில் எழும் என்பது அவர் கண்டது. கிரேட் பேர் ஏரியின் மேற்குப் பகுதியில் நீருக்குள் நீளும் சாஓயூ, எஹ்தாச்சோ என்னும் இரண்டு பெரிய தீபகற்பங்களும் அத்தகையனவே. பெரியவர்கள் இளையோரை அங்கே அழைத்துச் சென்று, நிலத்தைக் காட்டிக் கதை சொல்வது கல்வியாக இருந்துவந்தது. வரைபடத்தின் பெயர் இடத்தைக் கண்டுபிடிக்க உதவுகிறது. இப்பெயர்களோ அங்கு எவ்வாறு நடந்துகொள்வது என்பதைச் சொல்கின்றன.

காலை விளையாட்டு

ஃபிராங்க்ளினின் ஹாக்கிக்குத் திரும்பலாம். அம்முகாமில் ஏறத்தாழ 50 பேர் இருந்தனர். ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தினரும் மட்டுமல்லர். கனடியப் படகோட்டிகள், இன்யூட் மொழிபெயர்ப்பாளர், டெனே வேட்டையர், அவர்களின் பெண்களும் குழந்தைகளும் அந்த எண்ணிக்கையில் அடங்குவர். அத்தனை பேரும் பனிக்காலத்தில் உயிர் பிழைத்தது ஏரியில் விரித்த வலைகளாலும், டெனே வேட்டையர் கொண்டுவந்த இறைச்சியாலும். அதிகாரியின் கடிதத்தில் 'பொழுதுபோக்கு' என்ற சொல் இடம்பெறுவதற்கு, வலை இழுத்தவர்களின் பொழுது வேலையில் கழிந்தது ஒரு காரணம்.

சொல்லாராய்ச்சி நோக்கில் அக்கடிதத்தின் சான்றுமதிப்பு ஓர் எல்லைக்குட்பட்டது. 'ஹாக்கி' என்னும் சொல்லை ஃபிராங்க்ளின் விளக்காமலே பயன்படுத்துகிறார். அதாவது இங்கிலாந்தில் இருந்த நண்பருக்கு அச்சொல் ஏற்கெனவே தெரியும். வளைந்த கோலால் பந்தடிக்கும் பழைய ஆட்டம் ஒன்றைப் பயணிகள் தம்முடன் கொண்டுவந்து, கைக்கு வந்த உறைநீரின்மேல் ஆடினார்கள் என்பதே அவ்வரியிலிருந்து பெறத்தக்கது. ஒரு சொல் ஓரிடத்தில் பதிவாவது வேறு, அச்சொல் குறிக்கும் பொருள் அவ்விடத்தில் பிறப்பது வேறு. பிறப்பிட உரிமையை நோவாஸ்கோஷியாவின் விண்ட்சர், ஒன்டேரியோவின் கிங்ஸ்டன், மாண்ட்ரீயல் ஆகியனவும் கோருவது இதனால்தான்.

எனினும் டெலினெயின் கோரிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. நாட்டின் வரலாற்று நூல்களில் தம் ஊர் இடம்பெறும் ஒரே வழி ஓர் ஆங்கிலேயரின் கடிதமாக இருக்கும்போது, அக்கடிதத்தையே தம் கையில் எடுத்துக்கொள்வது தற்காப்பு. அவ்வூரின் சொந்த ஆட்டம் வேறு: இரு அணிகள் எதிரெதிரே முழந்தாளிட்டு, மேளங்கள் முழங்க, ஓர் அணியினர் கையில் மறைக்கும் சிறுபொருளை மற்றோர் அணியினர் சைகையால் கண்டுபிடிக்கும் கைவிளையாட்டு. அதற்கு எந்தப் பிறப்பிடச் சான்றிதழும் தேவைப்படவில்லை.

ஃபிராங்க்ளின் 1827இல் அங்கிருந்து புறப்பட்டார். 1845இல் வடமேற்குக் கடல்வழி தேடிச் சென்ற கடைசிப் பயணத்தில் அவரும் அவருடன் சென்ற அனைவரும் மாண்டனர். அவரைத் தேடி 1848இல் வந்த ஜான் ரிச்சர்ட்சனும் ஜான் ரேயும் குளிர்காலம் கழித்தது இதே ஏரியின் வடகிழக்குக் கையில், 1837இல் டீஸும் தாமஸ் சிம்ப்சனும் நிறுவிய கான்ஃபிடென்ஸ் கோட்டையில். பேரரசின் பயணிகள் வந்து தங்கி விலகிய மூன்று தடவையும் ஏரிக்கரை மக்களே அவர்களுக்கு உணவளித்தனர்.

கருங்கல்

1900இல் நிலவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் மெக்கின்டாஷ் பெல் ஏரியின் கிழக்குக் கரைப் பாறைகளில் கோபால்ட்டின் நிறக்கறைகளைக் கண்டு குறித்துவைத்தார். அக்குறிப்பைப் படித்திருந்த கில்பர்ட் லபைன் 1930 மே மாதம் மெக்டாவிஷ் கையின் எக்கோ விரிகுடாவில் பிட்ச்பிளெண்ட் என்னும் கருந்தாதுவைக் கண்டறிந்தார். அக்கல்லை முதலில் கண்டு காட்டியவர் தம் இனத்தவரே என்பது டெனே மக்களின் வாய்மொழி மரபு. அதில் ரேடியம் இருந்தது. புற்றுநோய் மருத்துவத்துக்கும், இருளில் ஒளிரும் கடிகார முகப்புக்கும் தேவைப்பட்ட, தங்கத்தினும் பலமடங்கு விலைமதிப்புள்ள பொருள். எல்டொராடோ நிறுவனம் அங்கே சுரங்கம் தோண்டியது. ஊருக்குப் போர்ட் ரேடியம் என்று பெயரிட்டது. இவ்விடத்தில்தான் ஏரியின் வரைபடத்தில் மூன்றாவது பெயர்ப்படலம் சேர்கிறது. நன்றிக்கடனும் இல்லை, கதையும் இல்லை. விற்பனைப் பொருளே பெயராயிற்று.

தாதுவின் பயணம் நீண்டது. கோணிப்பைகளில் அடைத்துப் படகில் ஏரியைக் கடந்து, கிரேட் பேர் ஆற்றில் இறங்கி, படகு செல்ல முடியாத வேகநீரோட்டத்தைத் தரைவழியே சுற்றிக் கடந்து, மீண்டும் படகேறி, ஆற்றுவழியாகவே ஆல்பர்ட்டாவின் ரயில்முனை வரை சென்று, அங்கிருந்து ஒன்டேரியோவின் போர்ட் ஹோப் சுத்திகரிப்பு ஆலையை அடைந்தது. ஒவ்வோர் ஏற்றிறக்கத்திலும் பைகளை முதுகில் சுமந்தவர்களில் பலர் டெனே ஆடவர். தூசி படிந்த உடையுடன் அவர்கள் முகாமுக்குத் திரும்பினர். வெற்றுப் பைகளை வீட்டுத் தேவைக்குப் பயன்படுத்தினர். அப்பொருளின் இயல்பை அவர்களுக்கு எவரும் விளக்கவில்லை. இவர்களைப்பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட ஆங்கில எழுத்துகள் சில, இவர்களைக் குறிக்கக் 'கூலி' என்னும் சொல்லையே கையாண்டன. ஊதியத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லிலிருந்தோ, குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்தோ ஆங்கிலத்துக்குச் சென்றதாகச் சொற்பிறப்பியலாளர் விவாதிக்கும் இச்சொல், இந்தியப் பெருங்கடலின் தோட்டங்களைக் கடந்து ஆர்க்டிக் வட்டம் வரை சென்று சேர்ந்திருக்கிறது. உடலுழைப்பைத் தருபவனின் பெயரை நீக்கி, அங்கே ஊதியத்தின் பெயரை வைப்பது அச்சொல்லின் வேலை.

1940இல் மூடப்பட்ட சுரங்கம் 1942இல் மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை தேவை ரேடியம் அன்று, அதுவரை கழிவாகக் கருதப்பட்ட யுரேனியம். 1944இல் கனடிய அரசு நிறுவனத்தைத் தன்வசமாக்கிக்கொண்டது. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் யுரேனியத்தில் பெரும்பகுதி பெல்ஜியக் காங்கோவிலிருந்து வந்தது. ஒரு பகுதி இவ்வேரிக் கரையிலிருந்து சென்றது. யுரேனியச் சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. பின்னர் 1982 வரை அதே இடத்தில் வெள்ளி எடுத்தனர். சுரங்கக் கழிவின் ஒரு பகுதி கரையிலும், ஒரு பகுதி ஏரிக்குள்ளும் கொட்டப்பட்டது. 1938இல் ஓவியர் ஏ. ஒய். ஜாக்சன் இங்கு வந்து அவ்வெறுமையின் பேரழகைத் தீட்டினார்; அவருடைய திரையிலும் அச்சுரங்கம் இடம்பெறுகிறது. சுற்றுலாக் கண்ணும் சுரங்கக் கண்ணும் ஒரே விமானத்தில் வந்திறங்கிய காலம் அது.

டெலினெயில் மூப்படைந்த ஆண்கள் புற்றுநோயால் அடுத்தடுத்து இறந்தபோது, அவ்வூரை 'கைம்பெண்களின் ஊர்' என்று சொல்லத் தொடங்கினார்கள். 1998 ஆகஸ்டில் டெலினெயிலிருந்து ஒரு குழு ஹிரோஷிமாவுக்குச் சென்றது. தம் நிலத்திலிருந்து சென்ற கல் அந்நகரத்தை எரித்ததில் பங்குகொண்டது என்பதற்காக, குண்டுவீச்சில் பிழைத்தவர்களிடம் அவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். கல்லைச் சுமந்தவர்கள் கேட்ட மன்னிப்பு அது. 1999இல் அரசும் ஊராரும் சேர்ந்து அமைத்த ஆய்வுக் குழு 2005இல் அறிக்கை தந்தது. சுமந்தவர்களுள் ஒருவரின் நோயையோ இறப்பையோ கதிர்வீச்சுடன் உறுதியாகப் பிணைக்க இயலாது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. அறிவியலின் அளவுகோலில் அது நேர்மையான வாக்கியம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது விடையாகவில்லை.

தூண்டில்

சுரங்கம் ஓய்ந்துகொண்டிருந்த காலத்தில் ஏரிக்கு வேறு வகை வருகையாளர்கள் வரத் தொடங்கினர். பிளம்மர் குடும்பத்தின் விடுதிகள் உள்ளிட்ட மீன்பிடி விடுதிகள் கரையோரம் எழுந்தன. ஏரி திறந்திருக்கும் சில வாரக் கோடையில், தெற்கு நகரங்களிலிருந்து விமானத்தில் வந்திறங்கி, சூரியன் மறைய மறுக்கும் இரவுகளில் படகில் அமர்ந்து, பெரிய ஏரி ட்ரவுட் ஒன்றைப் பிடிப்பதே அங்கு செல்பவரின் கனவு. 1995 ஆகஸ்டில் இங்கே பிடிபட்ட 72 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32.65 கிலோ எடையுள்ள ட்ரவுட், தூண்டில் மீன்பிடிப்பில் உலகச் சாதனையாகப் பதிவானது.

அத்தகைய மீன் உருவாக இந்தக் குளிர்நீரில் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஐம்பது வயதைக் கடந்த ட்ரவுட்டுகள் இங்கு வாழ்கின்றன. ஒரே ஏரியின் ஆழமற்ற நீரிலேயே, உடலமைப்பாலும் உணவாலும் வேறுபட்ட நான்கு வடிவங்களில் அவை பிரிந்திருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் கண்டுள்ளன. பனியேரி பின்வாங்கிய பின் கழிந்த சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் இப்பிரிவு நிகழ்ந்திருக்க வேண்டும். எனவே பெருமீனைக் கொன்று எடுத்துச் சென்றால் ஏரி அதை விரைவில் ஈடுசெய்யாது. இதையுணர்ந்து விதிகள் இறுகின: எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில், பிடித்து, அளந்து, படமெடுத்து, நீரில் விடுதல். மேற்கத்திய இயற்கைப் பாதுகாப்பின் பார்வையில் இது பொறுப்பான பொழுதுபோக்கு.

ஆனால் வடக்கின் டெனே பெரியவர்கள் பலருக்கு இதுவே மன உறுத்தல். மீன் தன்னைத் தருகிறது. தரப்பட்டதை உண்பதே மரியாதை. உண்ணும் எண்ணமின்றி வலிக்கச்செய்து திருப்பி அனுப்புவது உணவுடன் விளையாடுவது. இருதரப்பும் மீனைக் காக்கவே விரும்புகிறது. ஒருதரப்பு எண்ணிக்கையைக் காக்கிறது. மற்றது உறவைக் காக்கிறது. மீன்வள மேலாண்மைக் கூட்டங்களில் இவ்விரண்டு வாதங்களும் ஒரே மேசையில் வைக்கப்படும்போது, முதல் வாதத்துக்கு அட்டவணை இருக்கிறது, இரண்டாவதற்குக் கதை இருக்கிறது.

அக்கதையும் ஒரு தூண்டிலிலிருந்தே தொடங்குவது கவனிக்கத்தக்கது. காயே தாஓயே என்னும் முன்னோர் ஒருவர் ஏரியில் நான்கு தூண்டில்களை இட்டார். மறுநாள் ஒன்றைக் காணவில்லை. தூண்டில் அரிதான காலம். அதைத் தேடி அவர் பர்பாட் என்னும் அடித்தள மீனுக்குள் தம் ஆவியைச் செலுத்தி, ஏரியின் ஆழத்துக்குச் சென்றார். அங்கே துடித்துக்கொண்டிருந்த ஓர் இதயத்தைக் கண்டார். துட்சே, நீரின் இதயம். ஏரியின் மீனினங்கள் யாவும் அதை நோக்கி நின்று காத்துக்கொண்டிருந்தன; அவற்றுள் ஒரு ட்ரவுட்டின் வாயில் அவருடைய தூண்டில் இருந்தது. அவ்விதயமே ஏரிக்கு மட்டுமன்றிப் புல்லுக்கும் பூச்சிக்கும் மரத்துக்கும் உயிரூட்டுகிறது என்பது கதையின் முடிவு. தொலைந்த கருவியைத் தேடிப் போனவர், கருவியை மறக்கும் அளவுக்குப் பெரிய ஒன்றைக் கண்டு திரும்பினார்.

சட்டத்துக்குள் நுழைந்த சொல்

இத்தகைய கதைகள் நாட்டார் வழக்காற்றுத் தொகுப்புகளில் அடங்கிவிடுவதே வழக்கம். இங்கே வேறாக நிகழ்ந்தது. 1993இல் ஃபிராங்க்ளின் கோட்டை என்னும் ஊர்ப்பெயர் அதிகாரபூர்வமாக டெலினெ ஆயிற்று. அதே ஆண்டு சாஹ்து டெனே, மெட்டி மக்களின் நிலவுரிமை உடன்படிக்கை கையெழுத்தானது. 1921இன் 11ஆம் ஒப்பந்தம் எழுப்பிய மனக்குறைகளுக்கு ஏழு பத்தாண்டுகளுக்குப் பின் கிடைத்த பதில் அது. 1997இல் சாஓயூ, எஹ்தாச்சோ தீபகற்பங்கள் தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்கப்பட்டன. அங்கே கோட்டையோ போர்க்களமோ இல்லை. இடப்பெயர்களும், அவற்றுடன் பிணைந்த கதைகளும், அவற்றைச் சொல்லிக்கொடுத்த தலைமுறைகளுமே வரலாற்றுச் சான்றாக ஏற்கப்பட்டன. எழுத்தாவணம் இல்லாத இடத்தில் வரலாறும் இல்லை என்னும் பழைய கோட்பாட்டுக்கு அது நேரான மறுப்பு.

2005இல் ஏரிக்கும் அதன் வடிநிலத்துக்குமான மேலாண்மைத் திட்டம் தயாரானபோது, அது 'நீரின் இதயம்' என்று பெயரிடப்பட்டது. அரசு அதிகாரிகளும் ஊர்ப்பெரியோரும் அறிவியலாளரும் கூடி எழுதிய ஆவணத்தின் தலைப்பு, காயே தாஓயே கண்ட அதே இதயம். 2016 மார்ச்சில் யுனெஸ்கோ இப்பகுதியைத் 'ட்சா துஎ' என்னும் பெயரில் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று டெலினெ கோதினெ அரசு பொறுப்பேற்றது. ஊராட்சியையும் முதற்குடித் தன்னாட்சியையும் ஒன்றாக இணைத்து ஒரே ஊர் அளவில் அமைந்த அரசு கனடாவில் இதுவே முதல்.

அதே 2016 மார்ச்சின் தொடக்கத்தில், ஊருக்கு எரிபொருள் கொண்டுவந்த லாரி ஒன்று டெலினெக்கு அருகே பனிச்சாலையில் உறைநீரை உடைத்துக்கொண்டு பாதி மூழ்கியது. எண்ணெய் ஏரியில் கலக்காமல் அகற்றப்பட்டது. அடுத்தடுத்த இரு வாரங்களில் நிகழ்ந்த இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். காப்பகம் என்னும் பெயர் ஏரியைக் காப்பதில்லை. அவ்வூருக்கு எரிபொருள் வேண்டும், வேலை வேண்டும், விருந்தினரும் வேண்டும். டெலினெ இப்போது பயணிகளை வரவேற்கிறது. மீன்பிடிக்கவும், கதை கேட்கவும், ஃபிராங்க்ளினின் ஹாக்கியைப்பற்றிக் கேட்டறியவும் அழைக்கிறது. வருகையாளர் எதற்காக வரலாம், எவ்வளவு எடுக்கலாம் என்பதை முடிவுசெய்வதில் ஊராரின் சொல்லுக்கு இன்று இடம் உண்டு என்பதே மாற்றம்.

மறைந்த தீர்க்கதரிசி லூயி ஆயா, உலகம் வறண்டு தளரும் காலத்தில் மக்கள் தெற்கிலிருந்து நீரையும் மீனையும் நாடி இவ்வேரிக்கு வருவர் என்று சொன்னதாக டெலினெ மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதை நம்புவதும் நம்பாதிருப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் ஏரியின் கணக்கு வேறெவரின் நம்பிக்கையையும் சார்ந்ததன்று. நீர் சராசரியாக 124 ஆண்டுகள் தங்கும் இடத்தில், ஃபிராங்க்ளினின் ஆட்கள் கோல்பிடித்து ஆடிய ஆண்டில் வந்து சேர்ந்த நீர் வெளியேறி முடிந்தபோது, மெக்டாவிஷ் கையில் யுரேனியம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கம் தொடங்கிய 1930களில் ஏரியில் சேர்ந்த நீர் விடைபெறும் காலம் 2050களில்தான் வரும். கோணிப்பைகளைச் சுமந்தவர்களில் ஒருவரும் அப்போது இருக்கப்போவதில்லை. அவர்கள் குடித்த நீரின் ஒரு பங்கு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.